அப்பா இலவசம், பிள்ளைக்குக் காசு

வரதராஜன்பேட்டையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அரியலூர் மாவட்டத்தில், ஆண்டிமடத்துக்குப் பக்கத்தில் உள்ள பேரூராட்சி அது. அலங்கார அன்னை கோவிலும் சுற்றிலும் முந்திரியுமாக இருக்கும். வாசகர் பள்ளிக்கூட ஆசிரியர். அவர் கடிதத்தின் சாரம் இது:

'பொன்னியின் செல்வன் ஐந்து பாகமும் என் போனில் இருக்கிறது சார். சல்லிக்காசு கொடுக்கவில்லை, ஆனாலும் சட்டப்படிதான். அடுத்து ராஜேந்திர சோழனைப் படிக்கலாம் என்று அகிலனின் வேங்கையின் மைந்தனைத் தேடினேன். டெலிகிராமில் ஒருத்தர் பிடிஎஃப் தள்ளிவிட்டார். திறக்க மனசு வரவில்லை. அதே நேரம், இந்த மாசம் விலை கொடுத்து வாங்கவும் தோதில்லை. திருடாமல் படிக்க வழி இருக்கிறதா?'

இந்தக் கேள்வியில் ஒரு வேடிக்கை இருக்கிறது. வரதராஜன்பேட்டையில் பஸ் ஏறி ஜெயங்கொண்டத்தில் மாறினால் கங்கைகொண்ட சோழபுரம். ராஜேந்திரன் கட்டிய ஊர், கட்டிய கோவில். 2025 ஜூலையில் பிரதமரே வந்து ராஜேந்திரன் பெயரில் நாணயம் வெளியிட்டுவிட்டுப் போனார். நாணயம் வந்துவிட்டது, நாவல்தான் கைக்கு வரவில்லை. அப்பா ராஜராஜனைப் பற்றிய நாவல் இலவசம். பிள்ளை ராஜேந்திரனைப் பற்றிய நாவலுக்குக் காசு. ஏன் இப்படி?

சோழ வரலாற்றில் தேடினால் பதில் கிடைக்காது. இது 1957-ஆம் வருடத்துக் காப்புரிமைச் சட்டத்தின் வேலை. நம் நாட்டில் ஒரு எழுத்தாளர் இறந்த பிறகு 60 வருடம் அவர் எழுத்து அவருடைய வாரிசுகளுக்குச் சொந்தம். (1992 வரை 50 வருடமாக இருந்ததை 60 ஆக்கினார்கள்.) கல்கி 1954 டிசம்பரில் காலமானார். அகிலன் 1988 ஜனவரியில். இறந்த வருடம் முடிந்தபிறகுதான் 60 வருடக் கணக்கு ஆரம்பிக்கும். ஆகவே சட்டப்படி வேங்கையின் மைந்தன் எல்லோருக்கும் பொதுவாவது 2049 ஜனவரி 1 அன்று. நம் ஆசிரியர் அதற்குள் ரிட்டயர் ஆகியிருப்பார்.

கல்கி விஷயத்தில் நியாயமாக 2015-இல்தான் பூட்டுத் திறந்திருக்க வேண்டும். தமிழக அரசு 1990-களின் கடைசியிலேயே குடும்பத்துக்குப் பணம் கொடுத்து நாட்டுடைமை ஆக்கிவிட்டது. நான் பி.காம். படித்தவன், எதையும் வரவு-செலவாகத்தான் பார்க்க வரும். அந்தக் கண்ணால் பார்த்தால், அரசு வாங்கியது சுமார் பதினைந்து வருஷத்தை. அந்தப் பதினைந்து வருஷத்தில் பொன்னியின் செல்வன் வாங்காத வீடு உண்டா என்று கேட்கும்படி பதிப்புகள் குவிந்தன. லாபகரமான கொள்முதல்தான், ஒப்புக்கொள்கிறேன்.

இந்த நாட்டுடைமை என்பதே பாரதியில் ஆரம்பித்தது. ஆ.இரா.வேங்கடாசலபதி எழுதிய 'பாரதி: கவிஞனும் காப்புரிமையும்' என்ற புத்தகம் அந்தக் கதையைத் துப்பறியும் நாவல் வேகத்தில் சொல்கிறது. பாரதி 1921-இல் போனபிறகு உரிமை கைமாறிக் கைமாறி, பாடல்களை இசைத்தட்டிலும் சினிமாவிலும் பயன்படுத்தும் உரிமை ஒரு கிராமஃபோன் வியாபாரிக்குப் போய், அவரிடமிருந்து ஏவி.மெய்யப்பச் செட்டியாருக்கு வந்தது. 1947-இல் வந்த 'நாம் இருவர்' படத்தில் பாரதி பாட்டு ஊரெங்கும் ஒலித்தது. டி.கே.எஸ். சகோதரர்கள் தங்கள் 'பில்ஹணன்' படத்தில் ஒரு பாரதி பாட்டைச் சேர்த்ததும் வந்தது வழக்கு. சுதந்திரத்துக்குப் பாடியவன் பாட்டுக்கே சுதந்திரம் இல்லையா என்று எழுத்தாளர்கள் கிளம்பினார்கள். 1949-இல் ஓமந்தூரார் அரசு உரிமையை எடுத்துக்கொண்டது. செட்டியார் காசு வாங்காமல் விட்டுக்கொடுத்தார், பாரதி குடும்பத்துக்குத் தொகை தரப்பட்டது, 1955-இல் பாரதி பொதுச்சொத்து ஆனார்.

வேங்கடாசலபதி ஆவணம் ஆவணமாகப் புரட்டி எழுதியிருக்கிறார். யாரையும் வில்லனாக்கவில்லை, செட்டியாரைக்கூட. குறை என்று பார்த்தால், கதை பாரதியோடு நின்றுவிடுகிறது. பிற்பாடு இந்தத் திட்டம் என்ன ஆனது என்று அவர் கையால் இன்னொரு புத்தகம் எழுதினால் தேவலை. இன்னொன்று, இது அவர் குறையல்ல: பாரதி பாட்டு எல்லோருக்கும் சொந்தம், அது எப்படிச் சொந்தமானது என்று சொல்லும் புத்தகத்தைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். வாங்குங்கள். அந்த உழைப்புக்கு அது தகும்.

பிற்பாடு என்ன ஆனது என்பதை நான் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாரதிக்காக, ஒரு குறிப்பிட்ட அநியாயத்துக்காகச் செய்த காரியம் வருடாந்திரச் சடங்காகிவிட்டது. இதுவரை 150-க்கும் மேற்பட்டவர்களின் நூல்கள் நாட்டுடைமை. அறிவிப்பு வரும், காசோலை வழங்குவார்கள், போட்டோ வரும். குடும்பங்களில் சிலருக்கு அந்தப் பணம் நிஜமாகவே ஆஸ்பத்திரிச் செலவுக்கு உதவியிருக்கும், அதைக் கேலி செய்யவில்லை. அது உதவித்தொகை என்றால் உதவித்தொகை என்றே பெயர் வைக்கலாமே! வாசகனுக்குப் புத்தகம் சேர்க்கும் திட்டம் என்று சொன்னால் நான் கணக்குக் கேட்பேன். பதிப்பாளர்கள் போட்டி போட்டு அச்சடிப்பது எத்தனை பேரை? பாரதி, பாரதிதாசன், கல்கி, புதுமைப்பித்தன், இன்னும் ஒரு கை விரலில் அடங்குபவர்கள். மற்றவர்களின் நூல்கள் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் ஸ்கேன் பக்கங்களாகக் கிடக்கின்றன. அது பெரிய விஷயம், வாழ்க. ஆனால் அப்படி ஒரு தளம் இருப்பதே பலருக்குத் தெரியாது. அச்சடிக்கப்படுபவர்களுக்கும் சுகமில்லை. உரிமை பொதுவானதும் பொறுப்பும் பொதுவாகிவிட்டது, அதாவது யாருக்கும் இல்லை. விலை மலிவாக வந்த சில கல்கி பதிப்புகளில் பிழை திருத்துகிறவர் வேலைக்கே வரவில்லையோ என்று தோன்றும்.

எல்லாக் குடும்பமும் இதை வரவேற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2009-இல் அறிவித்த பட்டியலில் கண்ணதாசன், சுந்தர ராமசாமி பெயர்கள் இருந்தன. இரண்டு குடும்பத்தாரும் வேண்டாம் என்றார்கள். விற்கிற புத்தகத்தின் உரிமையை ஒரே தொகைக்கு எழுதிக் கொடுக்க யாருக்கு மனசு வரும்? நேர்மாறாக, 2024-இல் கலைஞரின் நூல்கள் தொகை எதுவும் இல்லாமலே நாட்டுடைமை ஆயின.

ஆச்சா? இப்போது அகிலனுக்கு வருவோம். நாட்டுடைமைக்குக் காத்திருக்க வேண்டாம், 2049-க்கும் காத்திருக்க வேண்டாம். வரதராஜன்பேட்டைக்காரர் அந்த நாவலைப் படிக்க ஏற்கெனவே பணம் கட்டியிருக்கிறார். அவருக்கே தெரியாது.

வீட்டு வரி ரசீதை எடுத்துப் பார்க்கச் சொல்கிறேன். நூலக வரி என்று தனியாக ஒரு தொகை இருக்கும். சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா. ஆயிரம் ரூபாய் வரி கட்டினால் நூறு ரூபாய் புத்தகத்துக்கு. வாடகை வீடு என்றால் வாடகைக்குள் ஒளிந்திருக்கும். 1948-இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் போட்டது, அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி மந்திரி. மாகாண அளவில் இந்தியாவிலேயே முதல் சட்டம் அதுதான். பின்னால் நின்றவர் சீர்காழியில் பிறந்த கணக்கு வாத்தியார் எஸ்.ஆர்.ரங்கநாதன். அவர் 1931-இலேயே நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். அதில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகனுக்கும் அவனுக்கான புத்தகம் என்பது. உலகம் முழுக்க நூலகப் படிப்பு படிக்கிறவர்கள் இந்த விதியை மனப்பாடம் செய்கிறார்கள்.

அந்த இரண்டாவது விதிதான் நம் ஊரில் உதைக்கிறது. நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. உறுப்பினராகச் செலவாகும் தொகை சினிமாவுக்குப் போய் இடைவேளையில் பாப்கார்ன் வாங்குவதைவிடக் குறைவு. கட்டடம் இருக்கிறது, நூலகர் இருக்கிறார், பேப்பர் படிக்கப் பெரியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் 'எனக்கு இந்தப் புத்தகம் வேண்டும்' என்று கேட்டு வாங்குகிற வழக்கம் இல்லை. அலமாரியில் என்ன இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்வது. மெஸ்ஸில் சாப்பிடுவதுபோல. மெனு கேட்டால் முறைப்பார்கள். 2024-இல் கொள்முதலை வெளிப்படையாக்குகிறோம் என்று அரசு புதுக்கொள்கை கொண்டுவந்தது. பதிப்பாளர்கள் இணையத்திலேயே நூல்களைப் பதிவு செய்யலாம். நல்லது. அது பதிப்பாளரின் கஷ்டத்தைப் பாதி தீர்க்கும். கடைக்கோடி ஊரில் நிற்கும் வாசகன் கஷ்டம் வேறு. அவனுக்கு வேண்டிய புத்தகம் அரியலூர் மாவட்ட மைய நூலகத்தில் தூசியோடு இருக்கலாம், விருத்தாசலத்தில் இருக்கலாம், சென்னை கன்னிமாராவில் நிச்சயம் இருக்கலாம். கன்னிமாராவுக்கு நாட்டில் அச்சாகும் புத்தகங்களில் ஒரு பிரதி தர வேண்டும் என்று 1954-ஆம் வருடத்துச் சட்டமே சொல்கிறது. அங்கேயிருந்து இங்கே அது எப்படி வரும்? கும்பகோணத்தில் நெய்த புடவையை நாலு நாளில் ஆண்டிமடத்தில் கொண்டுவந்து கொடுக்கிற கூரியர் காலம் இது. ஒரு நூலகத்துப் புத்தகம் இன்னொரு நூலகத்துக்குப் போக மட்டும் ஏன் மாட்டுவண்டிகூட இல்லை? ஒரே பட்டியல், எந்த ஊரில் எந்தப் புத்தகம் என்று போனில் தெரிய வேண்டும், கேட்டால் வாரம் ஒருமுறை பை போக வேண்டும். இதற்கு ராக்கெட் விஞ்ஞானி வேண்டாம், ஒரு குமாஸ்தா போதும்.

பணம் இல்லை என்பார்கள். வசூலித்த நூலக வரியை உள்ளாட்சிகள் நூலக ஆணைக்குழுவுக்குக் கட்டாமல் பாக்கி வைப்பதாக வருஷா வருஷம் செய்தி வருகிறது. என் வியாபாரக் கணக்குப் பாடத்தில் இதற்குப் பெயர் வேறு. அடுத்தவர் சார்பில் வசூலித்ததை உடையவரிடம் சேர்க்காமல் வைத்துக்கொள்வதை வருமானம் என்று எழுத முடியாது.

சட்டத்திலேயே நூலகத்துக்கு ஒரு சின்னக் கதவு திறந்திருக்கிறது, அதையும் யாரும் தள்ளிப்பார்ப்பதில்லை. காப்புரிமைச் சட்டம் 52-ஆவது பிரிவு. இந்தியாவில் விலைக்குக் கிடைக்காத புத்தகம் என்றால், லாபநோக்கில்லாத பொது நூலகம் தன் உபயோகத்துக்கு மூன்று பிரதிவரை எடுத்துக்கொள்ளலாம். யார் அனுமதியும் வேண்டாம். 2012 திருத்தத்தில் இன்னொன்றும் சேர்த்தார்கள்: கையில் இருக்கும் புத்தகத்தைப் பாதுகாப்புக்காக நூலகம் டிஜிட்டலாக்கி வைத்துக்கொள்ளலாம். பார்வையற்றவர்களுக்கும் மற்ற மாற்றுத்திறனாளிகளுக்கும் படிக்கத்தக்க வடிவில் மாற்றித் தரவும் அதே திருத்தம் வழி செய்தது. அச்சில் இல்லாத தமிழ் நாவல்கள் எத்தனை ஆயிரம்! செல்லரிக்கும் முன்னால் மூன்று பிரதி எடுக்க எந்த நூலகருக்காவது மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை போயிருக்குமா?

வேங்கையின் மைந்தனுக்கு அந்தக் கதவு திறக்காது. அது சாகித்ய அகாதமி பரிசு (1963) வாங்கிய நாவல், இன்றும் கடையில் கிடைக்கும். கடையில் கிடைப்பதை நகலெடுப்பது எழுதியவர் வீட்டு அடுப்பில் தண்ணீர் ஊற்றுவது. பிடிஎஃப் தள்ளிவிடுகிற அன்பர்கள், 'அறிவு எல்லோருக்கும் பொது' என்று ஒரு வாசகத்தையும் சேர்த்துத் தள்ளிவிடுகிறார்கள். இந்த வாதத்தில் எனக்கு ரொம்ப நாளாகவே எரிச்சல். தமிழில் ஆயிரம் பிரதி விற்றாலே ஒரு புத்தகத்துக்கு விழா எடுக்கலாம். விலையில் நூற்றுக்குப் பத்து ராயல்டி என்று வைத்தாலும், இருநூறு ரூபாய் புத்தகம் ஆயிரம் விற்று எழுத்தாளருக்கு வருவது இருபதாயிரம். அதுவும் பதிப்பாளர் ஒழுங்காகக் கணக்குக் கொடுத்தால். மூன்று வருஷ எழுத்துக்கு. இந்த இருபதாயிரத்தைப் பறித்துத்தான் அறிவைப் பரப்ப வேண்டுமா? சட்டமும் விளையாட்டில்லை: 63-ஆவது பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று வருடம்வரை சிறை. 2022-இல் உச்ச நீதிமன்றம் இதைப் போலீஸ் வாரண்ட் இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றம் என்றும் சொல்லிவிட்டது.

அதற்காக நகல் என்றாலே குற்றம் என்று நடுங்க வேண்டாம். சொந்தப் படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் நியாயமான அளவு எடுத்துக்கொள்ளலாம். டில்லி பல்கலைக்கழக வளாகத்தில் ராமேஸ்வரி என்று ஒரு ஜெராக்ஸ் கடை. பல புத்தகங்களிலிருந்து பாடப்பகுதிகளை நகலெடுத்துத் தைத்து மாணவர்களுக்கு விற்றது. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் மூன்று பதிப்பகங்களும் 2012-இல் வழக்குப் போட்டன. 2016 செப்டம்பரில் டில்லி உயர் நீதிமன்றம் கடைக்காரர் பக்கம் தீர்ப்பளித்தது. கற்பித்தலுக்காக எடுக்கும் நகலுக்குச் சட்டம் இடம் தருகிறது என்றது. மேல்முறையீட்டு அமர்வும் டிசம்பரில் அதையொட்டியே பேசியது. 2017-இல் பதிப்பகங்கள் வழக்கையே கைவிட்டன. ஆக, ஆசிரியர் தன் வகுப்புக்காக வேங்கையின் மைந்தனிலிருந்து ஓர் அத்தியாயத்தை நகலெடுத்துக் கொடுத்தால் யாரும் கேட்க முடியாது. நாவலையே நகலெடுத்துத் தெருவுக்குத் தந்தால் கேட்பார்கள்.

மின்னூல் வாங்கலாமே என்கிறார்கள் சென்னை நண்பர்கள். கிண்டிலில் 2016 முதல் தமிழ் வந்துவிட்டது, விலையும் அச்சைவிடக் குறைவு, மாதச் சந்தா கட்டினால் சந்தாவில் சேர்த்தவற்றை எத்தனை வேண்டுமானாலும் படிக்கலாம். சரி. ஆனால் அங்கே நீங்கள் வாங்குவது புத்தகம் அல்ல, படிக்க ஒரு லைசென்ஸ். 2009-இல் ஓர் உரிமைச் சிக்கலில், காசு கொடுத்து வாங்கியவர்களின் கருவிகளிலிருந்தே ஒரு புத்தகத்தை அமேசான் ராத்திரியோடு ராத்திரியாக அழித்தது. எந்தப் புத்தகம் தெரியுமா? ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய '1984'! கற்பனையாக எழுதினால் மிகை என்பார்கள். இன்னொரு சங்கடம், அச்சுப் புத்தகத்தை எதிர்வீட்டுக்காரருக்கு இரவல் கொடுக்கலாம், திருப்பித் தராவிட்டால் சண்டை போடலாம். மின்னூலில் அந்தச் சுகமே இல்லை.

நூலகமே மின்னூலை இரவல் தந்தால்? அமெரிக்காவில் இன்டர்நெட் ஆர்க்கைவ் அதைத்தான் செய்தது. கையில் ஒரு அச்சுப் பிரதி, அதை ஸ்கேன் செய்து ஒரு நேரத்தில் ஒருவருக்கு இரவல். கொரோனா வந்த 2020-இல் 'ஒருவருக்கு' என்ற கட்டுப்பாட்டைத் தளர்த்திவிட்டார்கள். நான்கு பெரிய பதிப்பகங்கள் வழக்குப் போட்டு 2023-இலும், மேல்முறையீட்டில் 2024-இலும் ஜெயித்தன. ஐந்து லட்சம் புத்தகங்கள் இரவல் பட்டியலிலிருந்து போயின. ஆசைப்பட்டுக் கயிற்றை நீளமாக இழுத்தால் அறுந்துவிடும் என்பதற்கு நல்ல உதாரணம்.

இதே காரியத்தைச் சண்டை இல்லாமல் செய்தவர்கள் நம் ஆட்கள்தான். 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்கள். அந்த ஊர்க்காரர்கள் 2005-இல் 'நூலகம்' என்ற பெயரிலேயே இணையத்தில் ஒரு நூலகம் தொடங்கி ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் ஸ்கேன் செய்து ஏற்றுகிறார்கள். எழுதியவர் இருந்தால் அவரிடம், இல்லாவிட்டால் குடும்பத்திடம் கேட்டு வாங்குகிறார்கள். கேட்டால் பலர் கொடுக்கிறார்கள் என்பதுதான் இதில் செய்தி. தமிழகத்தில் அச்சில் இல்லாத நூல்களுக்கு இதை எந்த அரசு நூலகமும் செய்யலாம். நாட்டுடைமை என்று பெரிய தொகையோ விழாவோ தேவையில்லை. ஒரு கடிதம், தபால்தலை.

விற்பனையில் இருக்கும் நூல்களுக்கு வெளிநாட்டில் வேறு ஏற்பாடு. டென்மார்க் 1946-இல் ஆரம்பித்தது: நூலகத்தில் புத்தகம் இரவல் போவதற்காக எழுத்தாளருக்கு அரசே பணம் தரும். இன்று முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் இருக்கிறது. இங்கிலாந்தில் 1979-இல் சட்டம் போட்டார்கள். ஒரு இரவலுக்குச் சில பென்ஸ், ஒரு எழுத்தாளருக்கு வருடத்துக்கு அதிகபட்சம் 6,600 பவுண்டு. பிரபல எழுத்தாளர்களே எல்லாப் பணத்தையும் அள்ளிவிடாமல் இருக்க அந்த உச்சவரம்பு. வாசகன் காசு கொடுப்பதில்லை, எழுத்தாளன் காசு இழப்பதில்லை, நூலகத்துக்கும் கெட்டபெயர் இல்லை. தமிழ்நாட்டில் ஒரு இரவலுக்கு ஒரு ரூபாய் என்று வைத்தால் என்ன குடிமுழுகும்? எந்தப் புத்தகத்தை எந்த ஊரில் கேட்கிறார்கள் என்ற கணக்காவது அப்போது யாரிடமாவது இருக்கும். இறந்தபின் குடும்பத்துக்குக் காசோலை என்பதைவிட, எழுத்தாளர் உயிரோடு இருக்கும்போதே வருஷம் ஒரு மணியார்டர் எனக்குத் தேவலையாகப் படுகிறது.

வரதராஜன்பேட்டை ஆசிரியருக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: பக்கத்து நூலகத்தில் உறுப்பினராகுங்கள். வேங்கையின் மைந்தன் வேண்டும் என்று வாயால் கேட்காமல் காகிதத்தில் எழுதிக் கொடுங்கள், நகலை மாவட்ட நூலக அலுவலருக்கு அனுப்புங்கள். உங்களோடு இன்னும் நான்கு ஆசிரியர்கள் கையெழுத்துப் போட்டால் உத்தமம். அதுவரை சும்மா இருக்க முடியாதென்றால், நேஷனல் புக் டிரஸ்ட், சாகித்ய அகாதமி வெளியீடுகளின் விலையைப் பாருங்கள், உரிமை உள்ள நூல்களையே ஆச்சரியப்படும் விலையில் தருகிறார்கள். 2022-லிருந்து மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழா நடக்கிறது, அரியலூரிலும் போடுவார்கள், பத்து சதவீதம் தள்ளுபடி உண்டு. பள்ளி நூலகத்துக்கு ஒரு பிரதி வாங்கச் சொல்லித் தலைமையாசிரியரைப் பிடியுங்கள். ராஜேந்திரன் ஊருக்குப் பக்கத்துப் பள்ளியில் அந்த நாவல் இல்லை என்றால் யாருக்கு மரியாதை?

அவரிடமிருந்து இன்னும் பதில் இல்லை. விண்ணப்பம் எழுதிக்கொண்டிருப்பார் என்று நம்புகிறேன். நூலக அலுவலகத்தில் யாராவது இந்தப் பக்கத்தைப் படித்தால், கடிதம் வந்ததும் கோப்பில் போட்டுவிடாதீர்கள். புத்தகத்தில் போடுங்கள்.